சலவை அறையில் பெஷ்கோவாம்மாவின் படங்கள்

ஸ்வதவா ரிஷாவா செக் நாட்டின் ஓலொமோட்ஸ் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல்காரி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். உயரம் குறைவு, பேச்சும் குறைவு. செவ்வாய்க்கிழமை அவள் வைக்கும் சதகுப்பைக் குழம்பு முந்தின செவ்வாய் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. ஆனால் வருஷக்கணக்காக ஒரே மாதிரி பிடிக்காமல் இருந்தது, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

மகள் வேலைக்காக பிர்னோ நகரத்துக்குப் போன பிறகு வியாழக்கிழமை மாலைகள் காலியாகிவிட்டன. கணவன் லூதெக் ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன். வியாழன் என்றால் நண்பர்களோடு உருட்டுப் பந்து விளையாடப் போய்விடுவான். ஸ்வதவா வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள், சரிப்படவில்லை. கலாசார மன்றத்தில் வியாழன்தோறும் கூடும் புகைப்பட வட்டத்தில் சேர்ந்தாள். பின்னல் வகுப்பு புதன்கிழமை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

பழைய இரட்டைக்கண் கேமரா ஒன்று வாங்கினாள். மன்றத்து இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் போடக் கற்றுக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவள் படங்கள் சுத்தமாக வந்தன. வட்டத்தில் படங்களைச் சுற்றுக்கு விடும்போது அவளுடையதைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு இலையுதிர்காலத்தில், மருந்துக்கடை வைத்திருக்கும் வெந்துலா என்ற பெண் ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். பனிமூட்டத்தில் ஒரு டிராம் நிறுத்தம். பனி முழுக்க பீச் பழத் தோல் நிறம். தண்டவாளமும் கம்பமும் மட்டும் கரித்துண்டால் அழுத்திக் கீறியதுபோல அப்பட்டமான கறுப்பு. படம் மேஜையைச் சுற்றி வந்து ஸ்வதவாவிடம் நின்றுவிட்டது.

"என்ன சாயம் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"சாயமே இல்ல. இது லித். டெவலப்பர், படத்தை வரவழைக்கற மருந்து, அதுதான் வேற. அச்சகத்துல எழுத்துக்காகப் பயன்படுத்தற சரக்கு. ரெண்டு பாட்டிலா வரும், கலந்து, ஏகப்பட்ட தண்ணி விட்டு நீர்க்கடிக்கணும். வழக்கமா குடுக்கறதைப்போல மூணு மடங்கு வெளிச்சம் பேப்பருக்குக் குடுங்க. அப்புறம் தட்டுல போட்டு ஆட்டிக்கிட்டே இருங்க. ஒண்ணும் வராது. வரவே வராது. நீங்க கைவிட்டுடலாம்னு நினைக்கறப்போ ஒரு மூலையில கறுப்பு புடிக்கும். புடிச்சா பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கிட்டு ஓடும். அந்த நேரம் பாத்து வெளிய எடுத்து வினிகர் தண்ணியில போடணும். முன்னாடி எடுத்தா சப்பை. பின்னாடி எடுத்தா கரி."

"எத்தன நிமிஷம்?"

"சொல்ல முடியாது."

"தோராயமா?"

"நீங்க வெங்காயம் வதக்கறப்போ கடிகாரத்தையா பாப்பீங்க?"

"ஆமா," என்றாள் ஸ்வதவா. "சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு. நூத்தம்பது பேருக்கு சமைக்கறோம்."

வெந்துலா சிரித்துவிட்டாள். அடுத்த வியாழன் இரண்டு பாட்டிலிலும் பாதி பாதி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆனால் மன்றத்து இருட்டறையில் லித் போட வழியில்லை. ஒரு படத்துக்கே கால் மணி, அரை மணி ஆகும். மற்றவர்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தட்டெல்லாம் பழுப்பேறும் என்று பொறுப்பாளரும் கையை விரித்துவிட்டார். அப்போதுதான் ஸ்வதவாவுக்குத் தன் கட்டடத்தின் கீழ்த்தளச் சலவை அறை நினைவுக்கு வந்தது. எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்த அறையை யாரும் சீந்துவதில்லை. குழாய் இருந்தது, சிமெண்ட் தொட்டி இருந்தது, ஒரே ஒரு சின்ன ஜன்னல்.

யாரும் சீந்துவதில்லை என்பது முழு உண்மையல்ல. மூன்றாம் மாடி பெஷ்கோவாம்மா அங்கே காளான் உலர்த்திக்கொண்டிருந்தாள். எண்பதைத் தொடப்போகும் விதவை. காளான் காலத்தில் நறுக்கிய துண்டுகளை நூலில் கோத்துச் சுவருக்குச் சுவர் கட்டிவிடுவாள். குளிர்காலத்தில் இறகு மெத்தைகளைக் கொண்டுவந்து போடுவாள். கட்டடத்தில் யார் எப்போது வருகிறார், என்ன பையோடு வருகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

குடியிருப்போர் கூட்டத்தில் ஸ்வதவா எழுந்து கேட்டாள். தலைவர் ஹனாக் மூக்கைச் சுருக்கினார்.

"ரிஷாவாம்மா, ரசாயனம்ங்கறீங்க. மாடி முழுக்க நாறும். எங்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா?"

"காளானுக்கு ஆகாது," என்று பெஷ்கோவாம்மாவும் ஆரம்பித்தாள். "அது எல்லா வாடையையும் உறிஞ்சும். நான் சூப்பு வெச்சா பாஸ்போர்ட் போட்டோ வாசனை வரணுமா?" என்றவள் சட்டென்று ஹனாக் பக்கம் திரும்பினாள். "ஆனா நாத்தத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க ஹனாக். உங்க வீட்டுல டுவாருஷ்கி பாலாடைக்கட்டியை வெளிய எடுத்தா லிஃப்டே உங்க மாடியில நிக்க மாட்டேங்குது."

கூட்டம் சிரித்தது. ஹனாக் சிவந்துபோனார். சிரித்த வேகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு அனுமதி, மாடிப்படி கழுவும் முறையில் ஸ்வதவா கூடுதலாக ஒரு பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும், காளானுக்கு ஒரு சுவர் விட வேண்டும் என்று முடிவானது. பெஷ்கோவாம்மா எதிர்த்துத்தான் வாக்களித்தாள்.

லூதெக் பட்டறையிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து ஜன்னலை அடைத்தான். தொட்டியின் மேல் பலகை போட்டான். எல்லாம் செய்துவிட்டு, "இவ்ளோ பெரிய சமையல்கட்டு பத்தலைன்னு இன்னொண்ணு," என்றான்.

முதல் சனிக்கிழமை ஸ்வதவா கையிலிருந்த வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாளைப் போட்டு ஆட்டினாள். சிவப்பு விளக்கின் கீழே தட்டு முன்னும் பின்னும் ஆடியது. வராது என்று வெந்துலா சொல்லியிருந்ததால் பொறுமையாக நின்றாள். கால் கடுத்தது. தாள் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. மாடியேறி வந்து வெந்துலாவுக்குப் போன் செய்தாள்.

"பூச்சுத் தாளா? அந்த வகை இதுக்கு ஒத்துக்காதுங்க. வெறும் கெட்டித் தாள் வேணும், வெதுவெதுப்பான நிறம்னு போட்டிருக்கும் பாருங்க, அது."

அடுத்த வாரம் கெட்டித் தாள். இந்த முறை படம் வந்தது, வந்த வேகத்தில் ஓடியும் போனது. இடுக்கியை எடுக்கத் திரும்பிய நேரத்துக்குள் மாதா கோயில், மரம், வானம் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டன. அடுத்ததை அவசரப்பட்டு எடுத்தாள்; கழுவின பால் பாத்திரம்போல வெளுத்துக் கிடந்தது. மூன்றாவது நேரத்துக்கு எடுத்ததுதான், ஆனால் நிறமில்லை, பாசி பிடித்த பழுப்பு. இப்படியே நாலைந்து சனிக்கிழமைகள் போயின.

"என்ன, குழம்பு திரிஞ்சுடுச்சா?" என்று லூதெக் ஒவ்வொரு தடவையும் கேட்டான். ஒருநாள் ஸ்வதவா ஈரத் துணியை அவன்மேல் வீசினாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான்.

"நிறமே வர மாட்டேங்குது," என்று ஸ்வதவா வெந்துலாவிடம் மறுபடி போனில் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் தட்டையெல்லாம் தேச்சுக் கழுவி, புதுசா கலந்துதான் ஆரம்பிக்கறேன்."

மறுமுனையில் வெந்துலா குறுக்கிட்டாள்.

"பழசை என்ன பண்ணீங்க?"

"கொட்டிட்டேன்."

"ஐயோ! ஐயோ, ஸ்வதவா! கொட்டிட்டியா?" பதற்றத்தில் வெந்துலா 'நீ'க்கு மாறிவிட்டாள், பிறகு இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. "அதுலதான்டி நிறம் இருக்கு! நாலு படம் ஓடி, டீத்தண்ணி மாதிரி ஆகும் பாரு, அதைப் பாட்டில்ல எடுத்து வெக்கணும். புதுசோட அதைக் கொஞ்சம் சேக்கணும். உனக்கு யாருடி கொட்டச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நேற்றைய குழம்பை இன்றைய பானையில் சேர்த்தால் சுகாதார அதிகாரி வந்து கதவுக்குச் சீல் வைத்துவிடுவார். இருபது வருஷமாக அவள் பழகிய சட்டம் அதுதான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமையிலிருந்து பழையதைப் பாட்டிலில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் வசந்தம் வந்துவிட்டது. கட்டட முற்றத்தில் கம்பளம் தட்டுவதற்கென்று நட்ட இரும்புக் கம்பிச் சட்டம் உண்டு. அதில் மெத்தையைப் போட்டு பெஷ்கோவாம்மா பிரம்பு மட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது ஸ்வதவா ஒரு படம் எடுத்திருந்தாள். ஹனாக் தன் காரைச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மட்டையை ஓங்கியபடி பெஷ்கோவாம்மா அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். சாதாரணமாக அச்சிட்டபோது அது தலைக்குட்டை கட்டிய ஒரு கிழவியின் படம், அவ்வளவுதான். வட்டத்தில் "நல்லா இருக்கு" என்றார்கள்.

அந்த நெகடிவைப் படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்தாள். பழைய டெவலப்பரைக் கொஞ்சம் சேர்த்தாள். தாளை உள்ளே விட்டு ஆட்டத் தொடங்கினாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெத்தையின் விளிம்பு தெரிந்தது, மிக லேசாக. முகம் தெரிந்தது. தலைக்குட்டையின் மடிப்பில் ஒரு புள்ளி கறுத்தது. அது மடிப்பு நெடுகப் பரவி, கழுத்தோரம் இறங்கி, மட்டையின் பிரம்புகளுக்குள் புகுந்தது. ஸ்வதவா குனிந்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை அடித்துப் பார்த்து, இடுக்கியால் படக்கென்று தூக்கினாள்.

படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் கரைசலில் அது வெளுத்தது. போச்சு என்று நினைத்தாள். விளக்கைப் போட்டாள். முகம் ரோஜாவும் பழுப்பும் கலந்த ஒரு சூட்டோடு இருந்தது. சுருக்கங்கள் மிருதுவாக இருந்தன. தலைக்குட்டை மட்டும் அடியில்லாத கறுப்பு. திறந்த வாயிலிருந்து சத்தம் வருவதுபோலிருந்தது. ஸ்வதவா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  மத்தியானம் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கதவு தட்டப்பட்டது. பெஷ்கோவாம்மா மெத்தையை எடுத்துப் போக வந்திருந்தாள். தட்டில் கிடந்ததைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீங்கதான்."

"என் மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "யாரைத் திட்டறேன் இதுல?"

"ஹனாக் சாரை."

"நல்லா வந்திருக்கு," என்றாள் பெஷ்கோவாம்மா. போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "ஜூன் மாசம் எனக்கு எண்பது முடியுது. சொந்தக்காரங்க வராங்க, எட்டுப் பேரு. ஆளுக்கு ஒண்ணு வேணும் எனக்கு. இதே மாதிரி."

"சரி, போட்டுத் தரேன்," என்றாள் ஸ்வதவா. சாப்பாட்டுக்கூடத்தில் இன்னும் எட்டுத் தட்டு வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்வதுபோலவே சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அதே நெகடிவ், அதே தாள், அதே வெளிச்சம். முதல் படம் முகத்தில் நிறமே இல்லாமல் வந்தது. அடுத்தது நன்றாக வந்தது, ஆனால் முந்தின வாரப் படத்தைவிடப் பழுப்பு. அடுத்தது இன்னும் பழுப்பு, வாய் ஒரு குழியாகிவிட்டது. ஒவ்வொரு தாளும் டெவலப்பரின் உயிரில் கொஞ்சத்தைக் குடித்துக்கொண்டே போனது. கறுப்பு வருவதற்கு முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. கடைசியில் வந்தவற்றில் மிளகு தூவினாற்போல முகமெல்லாம் கறும்புள்ளிகள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போட்டாள். ஒரு பெட்டித் தாள் முழுவதும் தீர்ந்தது. இருபதுக்கு மேல் பெஷ்கோவாம்மாக்கள் கயிற்றில் தொங்கினார்கள், ஒருத்தி மாதிரி ஒருத்தி இல்லை.

"ரெண்டுகூட ஒரே மாதிரி வரலை," என்றாள் போனில்.

"வராது," என்றாள் வெந்துலா. "சொல்லலையா நான்?"

"சொல்லலை."

"அப்போ இப்போ சொல்றேன்."

ஸ்வதவாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரே மாதிரி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தர முடியாமல் போவது அவளுக்குப் புதிது. கடைசியில் பழைய முறையில், சாதாரண டெவலப்பரில், எட்டுப் படங்களை அச்சுப் பிசகாமல் போட்டாள். லித்தில் வந்தவற்றில் சுமாரானவற்றையும் ஒரு உறையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள்.

பெஷ்கோவாம்மா செருப்பை வாசலில் விடச்சொல்லி, வீட்டுச் செருப்பைக் கொடுத்து, காப்பி போட்டாள். ஒரே மாதிரியான எட்டையும் விசிறிபோல விரித்துப் பார்த்தாள்.

"இது பென்ஷன் அட்டைக்கு," என்று ஒதுக்கினாள். "அந்த உறையில என்ன?"

ஸ்வதவா மனமில்லாமல் எடுத்தாள். பெஷ்கோவாம்மா மேஜைத் துணியைத் துடைத்துவிட்டு அவற்றை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தவளின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஏம்மா, இத்தன பேரா நான்?"

"மன்னிச்சுக்கங்க. எவ்வளவு பாத்தும் ஒரே மாதிரி..."

"சும்மா இரு." முதலில் அழகானதை எடுத்தாள். "இது இன்த்ராவுக்கு. என் மகன். அவன் என்னை இப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கான், நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்." புள்ளி விழுந்ததைத் தூக்கினாள். "இது என் தம்பி மகன் போஷெக்குக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், வந்தா மூக்கைச் சிந்திக்கிட்டே இருப்பான்." வெளுத்துப்போன, வாய் இருக்குமிடமே சரியாகத் தெரியாத படத்தை விளக்கருகே கொண்டுபோனாள். "இதுல நான் பேசவே இல்ல! இது மருமக ரேனாட்டாவுக்கு. அவ ஆசைப்பட்டதே இதுதானே."

"பெஷ்கோவாம்மா, அவங்க ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாத்தாங்கன்னா?"

"பாப்பாங்க." மிகக் கறுத்த படத்தைக் கையிலெடுத்தபோது மட்டும் அவள் தயங்கினாள். அதில் தலைக்குட்டையும் உடம்பும் ஒன்றாகி, இருட்டிலிருந்து முகமும் ஓங்கிய கையும் மட்டும் நின்றன. "இது என் தங்கச்சி அனெஷ்காவுக்கு. அம்மா செத்தப்போ எறகு மெத்தையை யாரு எடுத்துக்கறதுன்னு சண்டை. அதுக்கப்புறம் பேச்சு கிடையாது. இந்தத் தடவை வரேன்னு சொல்லி அனுப்பியிருக்கா."

பிறந்தநாள் விருந்து சாப்பாட்டு விடுதியின் பின்கூடத்தில் நடந்தது. ஸ்வதவாவையும் லூதெக்கையும் அழைத்திருந்தாள். வாத்துக் கறி, சிவப்பு முட்டைக்கோஸ், க்னெட்லிக் என்று அவர்கள் ஊரில் சொல்லும் அவித்த மாவுத் துண்டுகள். ஸ்வதவா ஒரு துண்டைத் தின்று பார்த்து, மாவு சரியாக ஊறவில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெஷ்கோவாம்மா பெயர் எழுதிய உறைகளைக் கையோடு கொடுத்தாள்.

முதலில் எல்லாரும் ஆகா என்றார்கள். பேத்திகள் இருவர் தங்கள் படங்களை அடுத்தடுத்து வைத்தார்கள். அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

"உன்னுது ஏன் ரோஸா இருக்கு? என்னுது ஏன் காப்பி கொட்டின மாதிரி இருக்கு?"

"இதுல ஏதோ சிந்தியிருக்கு," என்று போஷெக் கைக்குட்டையால் புள்ளிகளைத் துடைத்துப் பார்த்தான்.

ரேனாட்டா தன் படத்தைத் தூக்கிப் பிடித்தாள். நன்றாக உடுத்திய, நிதானமாகப் பேசும் பெண். "எனக்கு வந்ததுல அத்தைக்கு வாயே இல்ல. இன்த்ராவுக்கு வந்ததைப் பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு. இது யாரு போட்டது?"

எல்லாரும் ஸ்வதவாவைப் பார்த்தார்கள்.

"அது அப்படித்தான் வரும்," என்றாள் ஸ்வதவா. "மருந்து ஓய ஓய..."

"ஓஞ்ச மருந்துலயா எங்களுக்குப் போட்டீங்க?" என்றாள் ரேனாட்டா. "நல்லதை ஒருத்தருக்கு, மிச்சம் மீதியை மத்தவங்களுக்கா?"

ஸ்வதவா பெஷ்கோவாம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். பெஷ்கோவாம்மா வாத்தின் தொடையை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. லூதெக் எழுந்திருக்கப் போனான். ஸ்வதவா அவன் முட்டியை அழுத்தினாள். அவளுக்குக் காது சூடாகியிருந்தது. பிள்ளைகள் நூறு தட்டில் குழம்பை மிச்சம் வைத்தபோதுகூட அவள் இப்படி உட்கார்ந்ததில்லை.

அப்போது மேஜைக் கோடியிலிருந்த அனெஷ்கா பேசினாள். அதுவரை அவள் உறையைப் பிரித்து, படத்தைப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுதை யாருக்கும் தர மாட்டேன்," என்றாள். "இதுதான் அவ. நாப்பது வருஷமா என்னை இப்படித்தான் பாக்கறா."

"ஏன், நீ மட்டும் என்னை எப்படிப் பாத்தியாம்?" என்றாள் பெஷ்கோவாம்மா, வாயில் கறியோடு.

"பாத்தா தெரியற எடத்துல நீ எங்க இருந்த?"

 இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். அது சமாதானமா சண்டையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அனெஷ்காவின் படத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. பார்த்தபிறகு போஷெக் தன்னுடையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். அனெஷ்கா உறையை மடிமேல் வைத்துக் கையால் மூடிக்கொண்டாள். பேத்திகள் தங்களுக்குள் மாற்றினார்கள். காப்பிப் படத்துக்கு ஒருத்தி, ரோஜாப் படத்துக்கு ஒருத்தி, பிறகு திரும்ப மாற்று என்று அழுகை. கேக் வருவதற்குள் யாரிடம் யாருடைய படம் இருக்கிறது என்பதே குழம்பிவிட்டது. ரேனாட்டாவுடையதை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவளும் எடுத்துப் போகவில்லை. எல்லாரும் கிளம்பியபின் அது மேஜையில், முட்டைக்கோஸ் சாறு பட்டுக் கிடந்தது. ஸ்வதவா அதைத் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவள் பெஷ்கோவாம்மாவோடு பேசவில்லை. லிஃப்டில் பார்த்தால் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பெஷ்கோவாம்மா பேசிக்கொண்டே வருவாள், வானிலை, உருளைக்கிழங்கு, ஹனாக்கின் கார். ஒருநாள் ஸ்வதவாவால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கதான் பிரிச்சுக் குடுத்தீங்கன்னு."

"சொல்லியிருந்தா அவங்க என்கிட்ட கோவிச்சுக்குவாங்க," என்றாள் பெஷ்கோவாம்மா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "உன்னை அவங்க மறுபடி பாக்கப் போறாங்களா என்ன?"

 மூன்றாம் மாடி வந்தது. பெஷ்கோவாம்மா இறங்கிக்கொண்டாள்.

லித் போடுவதை மட்டும் ஸ்வதவா விடவில்லை. ஆனால் அதன்பின் யாராவது கேட்டால், என்ன வரும் என்று தெரியாது, வந்தது பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். ஹனாக் தன் காரைப் படமாக்கித் தரச்சொல்லிக் கேட்டபோதும் அதையே சொன்னாள். அவர் வேண்டாமென்று போய்விட்டார். புகைப்பட வட்டத்தில் அவள் ஒரே நெகடிவிலிருந்து மூன்று படங்களைக் கொண்டுபோய் வைத்தபோது யாரும் "நல்லா இருக்கு" என்று சொல்லவில்லை. எது சரியானது என்று சண்டை போட்டார்கள். அவள் வெந்துலாவோடு வெளியே போய்ச் சிகரெட் பிடித்தாள்; பிடித்து வெகுகாலமாகியிருந்தது.

வருஷம் முடிந்து அனுமதி மறுபடி கூட்டத்துக்கு வந்தது. பெஷ்கோவாம்மா எழுந்து நின்று, தன் மெத்தைகளில் வினிகர் வாடை வருகிறது என்று சொல்லி எதிர்த்து வாக்களித்தாள். லூதெக் பல்லைக் கடித்தான். ஆனால் ஹனாக்குக்கு வேறு யோசனை. பெஷ்கோவாம்மா எதிர்ப்பதை ஆதரிப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. கையைத் தூக்கினார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். அனுமதி நீண்டது.

கூட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானமே பெஷ்கோவாம்மா ஒரு தட்டு நிறைய கசகசா வைத்த பணியாரங்களோடு சலவை அறைக்கு வந்தாள்.

"எனக்கு ஒண்ணு வேணும்," என்றாள். "எல்லாத்தையும் குடுத்துட்டேன். எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

"காலையிலதானே எனக்கு எதிரா கை தூக்கினீங்க."

"அது மெத்தைக்கு. இது எனக்கு."

 ஸ்வதவா முக்காலியை இழுத்துப் போட்டு, கதவைத் தாழிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டாள். "கதவைத் திறக்கக் கூடாது. எப்போ எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க. இந்தத் தடவை என்மேல பழி வேண்டாம்."

தாள் தட்டுக்குள் போனது. பெஷ்கோவாம்மா முழங்கால்களில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். முதலில் பேசிக்கொண்டிருந்தாள், இரும்புச் சத்து மாத்திரை, அனெஷ்கா இரண்டு தடவை போன் செய்தது, இரண்டு தடவையும் சண்டையாகி வைத்தது. பிறகு பேச்சு நின்றது. தாளில் மெத்தை தெரிந்தது. முகம் தெரிந்தது.

"கறுப்பு புடிக்குது," என்றாள் ஸ்வதவா. இடுக்கி தயாராக இருந்தது. "எடுக்கவா?"

"இரு."

கறுப்பு தலைக்குட்டையை நிரப்பியது. "இப்போ எடுக்கணும்," என்றாள் ஸ்வதவா. அவள் விரல்கள் இடுக்கியை அழுத்தின. எடுத்திருந்தால் மிக நல்ல படமாக இருந்திருக்கும். அதை அவள் பிறகு வெந்துலாவிடம் சொன்னாள்.

"இரு இரு. என்னதான் ஆகுது பாப்போம்."

கறுப்பு கழுத்தில் இறங்கியது, மெத்தையை விழுங்கியது, கன்னத்தில் ஏறியது. மூக்கு, நெற்றியில் ஒரு கீற்று, ஓங்கிய மட்டையின் விளிம்பு, இவ்வளவுதான் மிச்சம்.

"ம். போதும்," என்றாள் பெஷ்கோவாம்மா.

ஃபிக்ஸரில் போட்டு விளக்கை எரியவிட்டதும் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "மூக்கு தப்பிச்சிடுச்சு," என்று சிரித்தாள். ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது அலச வேண்டும், நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றாள் ஸ்வதவா.

"எனக்கு அலசக் கத்துக் குடுக்கறியா? உன் வயசைவிட அதிக வருஷம் துணி துவைச்சவ நான்." பணியாரத் தட்டைக் காலிசெய்து, அதில் படத்தை ஈரத்தோடு கிடத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்த ஹனாக் மேலே பார்த்தார். மூன்றாம் மாடிப் பால்கனிக் கொடியில், உள்பாவாடைக்கும் இரண்டு தலையணை உறைக்கும் நடுவே, துணிக் கிளிப் போட்டு ஒரு கறுப்புத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தார். கடைசியில் உள்ளே போய் ரிஷாவா வீட்டு மணியை அடித்து, கொடியில் காய்வது என்ன, அது கட்டட விதிகளில் வருமா என்று கேட்டார்.

லூதெக் கதவைத் திறந்தவன், "அது பெஷ்கோவாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கத் திரும்பிப் போனான்.